அசித்ரோமைசின்

அசித்ரோமைசின் என்பது பாக்டீரியாக்களால் உண்டாகும் தொற்றுநோய்களைக் குணப்படுத்தப் பயன்படும் ஒரு நுண்ணுயிர் எதிர்ப்பி மருந்து ஆகும். இது மேக்ரோலைடு என்னும் மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1980 ஆம் ஆண்டில், அன்றைய யுகோசுலாவியாவின் ஒரு பகுதியாக இருந்த குரோவாசியாவில் இது கண்டுபிடிக்கப்பட்டது. மாத்திரை, குழந்தைகளுக்கான நீர்ம மருந்து, சிரை வழியே செலுத்தும் மருந்து, கண் சொட்டு மருந்து எனப் பல வடிவங்களில் கிடைக்கிறது. இந்தியாவில் அசித்ரால், அசீ உள்ளிட்ட பல வணிகப் பெயர்களில் விற்கப்படுகிறது.

நாளுக்கு ஒரு வேளை, அதுவும் சில நாட்கள் மட்டும் உட்கொண்டால் போதும் என்பது இம்மருந்தின் சிறப்பாகும். மற்ற பல நுண்ணுயிர் எதிர்ப்பிகளை நாளுக்கு இரண்டு முதல் நான்கு வேளை உட்கொள்ள வேண்டியுள்ளது. இந்த எளிமையே இம்மருந்து அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்படுவதற்கும் ஒரு காரணமாகிவிட்டது. 2019 ஆம் ஆண்டின் இந்தியத் தனியார் மருந்து விற்பனைத் தரவுகளைக் கொண்டு 2022 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, அசித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரையே நாட்டில் மிக அதிகமாக நுகரப்பட்ட நுண்ணுயிர் எதிர்ப்பி ஆகும். உலக சுகாதார அமைப்பு இம்மருந்தைத் தனது இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்த்துள்ளது. அதே வேளையில், எதிர்ப்பாற்றல் எளிதில் தோன்றக்கூடிய மருந்துகளுக்கான "கண்காணிப்பு" வகையிலும் இதனை வைத்துள்ளது.

மேக்ரோலைடு குடும்பம்

மேக்ரோலைடுகள் என்பவை பெரிய வளையம் ஒன்றை நடுவில் கொண்ட மூலக்கூறுகள் ஆகும். இவ்வளையத்துடன் சருக்கரை மூலக்கூறுகள் இணைந்திருக்கும். இக்குடும்பத்தின் முதல் முக்கிய மருந்து எரித்ரோமைசின் ஆகும். இதன் வளையத்தில் 14 அணுக்கள் உள்ளன. பின்னர் வந்த கிளாரித்ரோமைசினும் ராக்சித்ரோமைசினும் 14 அணு வளையம் கொண்டவையே. அசித்ரோமைசினின் வளையத்தில் 15 அணுக்கள் உள்ளன. கூடுதலாக உள்ள அந்த ஓர் அணு நைட்ரசன் ஆகும். வளையத்தில் நைட்ரசன் இருப்பதால் இதனை அசலைடு என்னும் உட்பிரிவில் வைப்பர். மருந்தின் பெயரில் உள்ள "அசி" என்னும் முன்னொட்டும் இந்த நைட்ரசனையே குறிக்கிறது.

வரலாறு

அசித்ரோமைசினின் வரலாறு எரித்ரோமைசினில் தொடங்குகிறது. 1949 ஆம் ஆண்டில் பிலிப்பீன்சு நாட்டின் இலோயிலோ பகுதியில் எடுக்கப்பட்ட மண் மாதிரியை அபெலார்டோ அகிலார் என்னும் மருத்துவர் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்துக்கு அனுப்பினார். அம்மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியா சுரந்த வேதிப்பொருளே எரித்ரோமைசின் ஆகும். 1952 இல் இது விற்பனைக்கு வந்தது. பென்சிலின் ஒவ்வாத நோயாளிகளுக்கு இது பெரும் உதவியாக அமைந்தது.

எனினும் எரித்ரோமைசினுக்கு இரண்டு குறைகள் இருந்தன. முதலாவதாக, அது வயிற்றில் சுரக்கும் அமிலத்தில் சிதைந்தது. சிதைவால் உண்டாகும் பொருட்கள் கடும் வயிற்று வலியையும் குமட்டலையும் தந்தன. இரண்டாவதாக, அது உடலிலிருந்து விரைவாக வெளியேறியதால் நாளுக்கு நான்கு வேளை வரை உட்கொள்ள வேண்டியிருந்தது.

குரோவாசியத் தலைநகர் சாகிரெப்பில் உள்ள பிலிவா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இக்குறைகளைக் களைய முயன்றனர். சுலோபோதான் ஜோகிச், காப்ரியேலா கோப்ரேகெல் உள்ளிட்டோர் இக்குழுவில் இருந்தனர். எரித்ரோமைசின் வளையத்தில் அமிலத்தால் தாக்கப்படும் இடம், ஆக்சிசனுடன் இரட்டைப் பிணைப்பில் உள்ள ஒரு கரிம அணு ஆகும். அவ்விடத்தை வேதிவினைகள் மூலம் மாற்றி, வளையத்துக்குள் ஒரு நைட்ரசன் அணுவைப் புகுத்தினர். இதனால் மூலக்கூறு அமிலத்தில் எளிதில் சிதையாத தன்மையைப் பெற்றது. அத்துடன் அது திசுக்களுக்குள் ஆழமாகப் புகுந்து நெடுநேரம் தங்குவதும் தெரியவந்தது.

1981 இல் பிலிவா இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. அமெரிக்காவின் பைசர் நிறுவனம் 1986 இல் பிலிவாவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1988 இல் யுகோசுலாவியாவில் சுமமெட் என்னும் பெயரிலும், 1991 இல் அமெரிக்காவில் சித்ரோமேக்சு என்னும் பெயரிலும் இம்மருந்து அறிமுகமானது.

செயற்படும் விதம்

எல்லா உயிரணுக்களும் வாழ்வதற்குப் புரதங்களை உருவாக்க வேண்டும். புரதங்களை உருவாக்கும் நுண்ணிய ஆலையே ரைபோசோம் ஆகும். பாக்டீரியாவின் ரைபோசோம் பெரியது, சிறியது என இரண்டு துணை அலகுகளைக் கொண்டது. பெரிய அலகினுள் ஒரு குறுகிய சுரங்கவழி உள்ளது. அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு, உருவாகும் புரதச் சங்கிலி இச்சுரங்கவழியே வெளிவருகிறது. அசித்ரோமைசின் இச்சுரங்கத்தின் வாயிலுக்கு அருகே சென்று ஒட்டிக்கொள்கிறது. சங்கிலி மேலே வளர இயலாமல் நின்றுவிடுவதால் பாக்டீரியாவின் பெருக்கம் தடைபடுகிறது. பெரும்பாலான சூழல்களில் இம்மருந்து பாக்டீரியாவை நேரடியாகக் கொல்வதில்லை. வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது. எஞ்சிய பணியை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு செய்து முடிக்கிறது.

மனித உயிரணுக்களிலும் ரைபோசோம்கள் உண்டு. ஆயினும் அவற்றின் அமைப்பு வேறுபட்டது. மருந்து ஒட்டும் இடத்தில் பாக்டீரியாவின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மூலக்கூறில் அடினின் என்னும் காரம் உள்ளது. மனித உயிரணுவின் முதன்மை ரைபோசோம்களில் அதே இடத்தில் குவானின் உள்ளது. இச்சிறு வேறுபாட்டால் மருந்து நமது ரைபோசோம்களில் உறுதியாக ஒட்டுவதில்லை.

வைரசுகளுக்குச் சொந்தமாக ரைபோசோம்கள் கிடையா. அவை தாம் புகுந்த உயிரணுவின் ரைபோசோம்களையே பயன்படுத்திக்கொள்கின்றன. எனவே வைரசுகளின் பெருக்கத்தைத் தடுக்க அசித்ரோமைசினுக்கு இலக்கு எதுவும் இல்லை. சளி, காய்ச்சலுக்கு இம்மருந்து ஏன் பயன்படாது என்பதற்கான அடிப்படைக் காரணம் இதுவே.

மேக்ரோலைடுகளுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. பென்சிலின் வகை மருந்துகள் பாக்டீரியாவின் புறச்சுவரைத் தாக்குகின்றன. நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் மைக்கோபிளாசுமா என்னும் பாக்டீரியாவுக்குப் புறச்சுவரே இல்லை. ஆதலால் அதன்மீது பென்சிலின் பயன் தராது. ஆனால் அதற்கும் ரைபோசோம்கள் உண்டு என்பதால் அசித்ரோமைசின் பயன் தருகிறது. கிளமிடியா, ரிக்கெட்சியா போன்றவை மனித உயிரணுக்களுக்கு உள்ளேயே ஒளிந்து வாழ்கின்றன. அசித்ரோமைசின் உயிரணுக்களுக்குள் புகுந்து சேரக்கூடியது என்பதால் அவற்றையும் எட்டுகிறது.

உடலில் தங்கும் காலம்

விழுங்கிய அசித்ரோமைசினில் ஏறத்தாழ 37 விழுக்காடே குருதியை அடைகிறது. அதுவும் குருதியில் நெடுநேரம் நில்லாமல் திசுக்களுக்குள் சென்றுவிடுகிறது. நுரையீரல், அடிநாச்சதை முதலிய திசுக்களில் இதன் செறிவு குருதியில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகமாக இருக்கும். வெள்ளணுக்களும் இம்மருந்தை உள்வாங்கிக்கொண்டு, தொற்று உள்ள இடத்துக்குச் சுமந்து செல்கின்றன. திசுக்களில் சேர்ந்த மருந்து பின்னர் சிறிது சிறிதாகவே வெளியேறுகிறது.

ஒரு மருந்தின் செறிவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் அதன் அரைவாழ்வுக் காலம் எனப்படும். எரித்ரோமைசினுக்கு இது ஏறத்தாழ 2 மணி நேரமே. அசித்ரோமைசினுக்கு ஏறத்தாழ 68 மணி நேரம், அதாவது மூன்று நாட்களுக்குச் சற்றுக் குறைவு. இதன் பொருளைத் தோராயமான ஒரு கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். மருந்தை நிறுத்திய பின்:

- ஏறத்தாழ 3 நாட்களில் பாதி எஞ்சியிருக்கும்.
- ஏறத்தாழ 6 நாட்களில் கால் பங்கு எஞ்சியிருக்கும்.
- ஏறத்தாழ எட்டரை நாட்களில் அரைக்கால் பங்கு எஞ்சியிருக்கும்.
- ஏறத்தாழ 11 நாட்களில் பதினாறில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும்.

இந்த ஒரு பண்பிலிருந்து இம்மருந்தின் நன்மைகளும் இடர்களும் பலவாறு கிளைக்கின்றன.

முதலாவது, குறுகிய கால மருத்துவம். மூன்று நாள் மாத்திரை உட்கொண்டாலும் மருந்தின் விளைவு அதன்பின் பல நாட்கள் தொடர்கிறது. எனவே "மூன்று நாள் மருந்து" என்பது உண்மையில் மூன்று நாள் மட்டும் வேலை செய்யும் மருந்து அன்று. மாத்திரைகளை முடித்த மறுநாள் இருமல் எஞ்சியிருப்பதைக் கண்டு, மருத்துவரைக் கேளாமல் இன்னோர் அட்டை வாங்கி உண்பது தவறு.

இரண்டாவது, ஒவ்வாமை. மிக அரிதாகச் சிலருக்கு இம்மருந்தால் கடும் ஒவ்வாமை உண்டாகலாம். மருந்தை நிறுத்தி, ஒவ்வாமைக்கு மருத்துவம் செய்து நலமடைந்த சிலருக்கு, அம்மருத்துவத்தை நிறுத்தியதும் அறிகுறிகள் மீண்டும் தோன்றியது பதிவாகியுள்ளது. அசித்ரோமைசின் உடலில் இன்னும் எஞ்சியிருப்பதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. ஆதலால் இத்தகையோரை மருத்துவர்கள் கூடுதல் நாட்கள் கண்காணிப்பர்.

மூன்றாவது, மருந்து எதிர்ப்பு. செறிவு மெல்லக் குறையும்போது, பாக்டீரியாவை முழுமையாக அடக்கப் போதாத அளவில் மருந்து நெடுநாள் எஞ்சியிருக்கும். அந்நிலையில் மருந்துக்கு எளிதில் அடங்கும் பாக்டீரியாக்கள் குறைகின்றன. சற்றேனும் எதிர்ப்பாற்றல் உள்ளவை தப்பிப் பெருகுகின்றன. பெல்சியத்தில் 224 நலமான தன்னார்வலர்களிடம் நடத்தப்பட்டு 2007 இல் வெளியான ஆய்வு இதனைக் காட்டியது. அசித்ரோமைசின் அல்லது கிளாரித்ரோமைசின் உட்கொண்டவர்களின் வாயில் இயல்பாக வாழும் இசுட்ரெப்டோகாக்கசு பாக்டீரியாக்களில், எதிர்ப்பாற்றல் உள்ளவற்றின் பங்கு உயர்ந்தது. அவ்வுயர்வு ஏறத்தாழ ஆறு மாதங்கள் வரை நீடித்தது. ஒரே ஒரு முறை உட்கொண்டதன் விளைவு இது.

பயன்படும் நோய்கள்

- நுரையீரல் அழற்சி: குறிப்பாக மைக்கோபிளாசுமா, லீசியோனெல்லா போன்றவற்றால் உண்டாவது.
- கக்குவான் இருமல்: மேக்ரோலைடுகளே இந்நோய்க்கு முதல் தேர்வு.
- தொண்டை அழற்சி: இசுட்ரெப்டோகாக்கசு பாக்டீரியாவால் உண்டாகி, நோயாளிக்குப் பென்சிலின் ஒவ்வாதபோது மட்டும். மற்றவர்களுக்குப் பென்சிலின் அல்லது அமாக்சிசிலினே முதல் தேர்வு.
- டைபாய்டு எனப்படும் குடற்காய்ச்சல்: தெற்காசியாவில் இம்மருந்தின் மிக முக்கியமான பயன் இதுவே.
- காலரா: இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்வதே முதன்மை மருத்துவம். கடும் நோயில் அசித்ரோமைசின் ஒரே வேளையாகத் தரப்படுவதுண்டு.
- உண்ணிக்காய்ச்சல்: கீழே தனியே விளக்கப்பட்டுள்ளது.
- டிரகோமா: பார்வையைப் பறிக்கும் கண் தொற்றுநோய்.
- கிளமிடியா: பாலுறவு வழிப் பரவும் நோய். முன்பு ஒரே வேளை அசித்ரோமைசின் முதல் தேர்வாக இருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் ஏழு நாள் டாக்சிசைக்கிளின் முதல் தேர்வானது. கருவுற்ற பெண்களுக்கு அசித்ரோமைசினே தொடர்கிறது.

உண்ணிக்காய்ச்சல் என்பது புதர்களில் வாழும் மிகச் சிறிய உண்ணிகளின் இளவுயிரிகள் கடிப்பதால் பரவும் நோய் ஆகும். தமிழ்நாட்டிலும் இது காணப்படுகிறது. கடும் உண்ணிக்காய்ச்சலுக்கு எம்மருந்து சிறந்தது என அறிய, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவ மையங்களில் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2023 இல் முடிவுகள் வெளியாயின. ஏறத்தாழ 800 நோயாளிகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 28 ஆம் நாளில் இறப்பு, ஏழாம் நாளிலும் நீங்காத உறுப்புச் சிக்கல், ஐந்தாம் நாளிலும் தணியாத காய்ச்சல் ஆகியவை ஒருசேரக் கணக்கிடப்பட்டன. டாக்சிசைக்கிளின் மட்டும் பெற்றவர்களில் 47 விழுக்காட்டினரும், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினரும் இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்கு உள்ளாயினர். இரண்டையும் சேர்த்துச் சிரை வழியே பெற்றவர்களில் இது 33 விழுக்காடாகக் குறைந்தது. சரியான நோய்க்குச் சரியான முறையில் கொடுக்கப்படும்போது இம்மருந்தின் பயன் எத்தகையது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

பயன்படாத நோய்கள்

சாதாரண சளி, இன்ஃபுளுவென்சா, டெங்கு, சிக்குன்குனியா ஆகியன வைரசு நோய்கள். இவற்றுக்கு அசித்ரோமைசின் பயன் தராது. தொண்டை வலிகளில் பெரும்பாலானவையும் வைரசால் வருபவையே. இந்நோய்கள் சில நாட்களில் தாமாகவே தணிகின்றன. அந்நாட்களில் மாத்திரை உட்கொண்டிருந்தால், மாத்திரையால்தான் நோய் தணிந்தது என்ற எண்ணம் உண்டாகிவிடுகிறது. அடுத்த முறை காய்ச்சல் வரும்போது அதே மாத்திரை நினைவுக்கு வருகிறது.

கோவிட்-19 பெருந்தொற்றின்போது இது உலக அளவில் நிகழ்ந்தது. 2020 மார்ச்சில் பிரான்சின் மார்செய் நகரிலிருந்து, ஐட்ராக்சிகுளோரோகுயினுடன் அசித்ரோமைசினைச் சேர்த்துக் கொடுத்தால் பயன் உண்டு எனக் கூறும் மிகச் சிறிய ஆய்வு ஒன்று வெளியாயிற்று. பல நாடுகளில் இம்மருந்தின் பயன்பாடு பெருகியது. பிரித்தானியாவில் நடந்த "ரிக்கவரி" என்னும் பெரும் ஆய்வில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 7,763 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 28 நாட்களுக்குள் இறந்தோர் விகிதம், அசித்ரோமைசின் பெற்ற குழுவிலும் பெறாத குழுவிலும் ஒரே அளவாக, 22 விழுக்காடாக இருந்தது. இம்முடிவு 2021 இல் வெளியானது. மார்செய் ஆய்வுக் கட்டுரையை அதை வெளியிட்ட இதழ் 2024 திசம்பரில் திரும்பப் பெற்றது.

உட்கொள்ளும் முறை

மருந்தின் அளவையும் நாட்களையும் நோய், வயது, எடை ஆகியவற்றைக் கருதி மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கீழ்க்காணும் விளக்கம் பொது அறிவுக்கானது மட்டுமே.

பெரியவர்களுக்குப் பொதுவாக இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, நாளுக்கு 500 மி.கி. வீதம் மூன்று நாட்கள். மற்றொன்று, முதல் நாள் 500 மி.கி., அடுத்த நான்கு நாட்கள் 250 மி.கி. இரண்டிலும் மொத்த அளவு 1,500 மி.கி. மட்டுமே. குழந்தைகளுக்கு எடையைக் கொண்டு அளவு கணக்கிடப்படுகிறது. கிலோவுக்கு 10 மி.கி. வீதம் மூன்று நாட்கள் என்பது பரவலான ஒரு முறை.

எல்லா நோய்க்கும் மூன்று நாள் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். டைபாய்டு காய்ச்சலுக்கு இதைவிட அதிக அளவில், ஏறத்தாழ ஒரு வாரம் வரை தரப்படுகிறது. டைபாய்டு நோயாளி ஒருவர் தாமாகவே கடையில் மூன்று மாத்திரை வாங்கி உண்டால் காய்ச்சல் சற்றுத் தணியலாம். ஆனால் நோய் முழுமையாக நீங்காமல் திரும்பக்கூடும். அதற்கிடையே குருதிச் சோதனை செய்தாலும், மருந்து உடலில் இருப்பதால் பாக்டீரியா சோதனையில் வளராமல் போகலாம். எந்நோய் என்று அறியும் வாய்ப்பும் இதனால் குறைகிறது.

உட்கொள்ளும்போது கவனிக்க வேண்டியவை:

- மாத்திரையை உணவுடனோ உணவின்றியோ உட்கொள்ளலாம். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் உணவுக்குப் பின் உட்கொள்வது நல்லது.
- அலுமினியம், மக்னீசியம் கலந்த அமில நீக்கி மருந்துகளை இதனுடன் ஒரே நேரத்தில் உட்கொள்ளக் கூடாது. அவை குருதியில் மருந்தின் உச்சச் செறிவைக் குறைக்கின்றன. இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.
- ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் உட்கொள்ளலாம். அடுத்த வேளைக்கான நேரம் நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டு வேளை மருந்தை ஒன்றாக உட்கொள்ளக் கூடாது.
- குழந்தைகளுக்கான நீர்ம மருந்து தூளாக விற்கப்படுமானால், கொதிக்கவைத்து ஆறிய நீரைக் குப்பியில் குறித்த கோடு வரை ஊற்றிக் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நன்கு குலுக்கி, உடன் தரப்படும் அளவைக் கொண்டே அளக்க வேண்டும். வீட்டுக் கரண்டிகள் அளவில் வேறுபடும்.
- குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் எஞ்சிய நீர்ம மருந்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று வைத்திருக்கக் கூடாது.

பக்க விளைவுகள்

வயிற்றுப்போக்கு, குமட்டல், வயிற்று வலி, வாந்தி ஆகியவை பொதுவாகக் காணப்படுபவை. இவை பெரும்பாலும் தாமாகவே நீங்கும். வயிற்றுப்போக்கு கடுமையாகவோ குருதி கலந்தோ இருந்தால் மருத்துவரை உடனே நாட வேண்டும். குடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் குறைந்து, தீங்கு செய்யும் வேறொரு பாக்டீரியா பெருகியிருக்கக்கூடும். மருந்தை முடித்துச் சில வாரங்கள் சென்ற பின்னும் இது தோன்றலாம்.

கண்ணும் தோலும் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல் ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள். முகம், உதடு வீங்குதல், மூச்சுத் திணறல், தோல் உரிதல் ஆகியவை கடும் ஒவ்வாமையின் அறிகுறிகள். இவற்றுள் எது தோன்றினாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதயத்துடிப்பில் ஏற்படும் மாற்றம் அரிதானது, ஆனால் கடுமையானது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத்தசை மின்னூட்ட நிலையை மீட்டுக்கொள்ளச் சிறிது நேரம் ஆகிறது. இதய மின்னலை வரைபடத்தில் இது கியூடி இடைவெளியில் தெரியும். அசித்ரோமைசின் சிலருக்கு இவ்விடைவெளியை நீட்டிக்கிறது. அளவுக்கு மீறி நீண்டால் துடிப்பு தாறுமாறாகி உயிருக்கு ஆபத்து நேரலாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வு, அமாக்சிசிலின் உட்கொண்டவர்களுடன் அசித்ரோமைசின் உட்கொண்டவர்களை ஒப்பிட்டது. 10 இலட்சம் முறை மருந்து வழங்கப்பட்டால் 47 இதயநோய் இறப்புகள் கூடுதலாக நேர்கின்றன என அது மதிப்பிட்டது. முன்பே இதயநோய் இடர் மிகுந்தவர்களில் இவ்வெண்ணிக்கை மேலும் அதிகம். 2013 மார்ச்சில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதுகுறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

இவ்வெண்ணிக்கையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடும் நுரையீரல் அழற்சி உள்ளவருக்கு மருந்தின் பயன் இவ்விடரைவிடப் பன்மடங்கு பெரியது. வைரசால் வந்த சளிக்கு உட்கொள்பவருக்கோ பயன் சுழியம். எனவே எவ்வளவு சிறிய இடரும் வீண் இடரே.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

கீழ்க்காணும் நிலைகளில் உள்ளோர் அதனை மருத்துவரிடம் முன்பே கூற வேண்டும்:

- இதயத்துடிப்புக் கோளாறு உடையோர், குருதியில் பொட்டாசியம் அல்லது மக்னீசியம் குறைந்தோர், முதியோர்.
- அமியோடரோன், ஐட்ராக்சிகுளோரோகுயின், சில மனநோய் மருந்துகள் போன்று கியூடி இடைவெளியை நீட்டிக்கும் வேறு மருந்து உட்கொள்வோர்.
- குருதி உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொள்வோர். இதன் விளைவு கூடக்கூடும் என்பதால் குருதிச் சோதனை தேவைப்படும்.
- கல்லீரல் நோய் உடையோர், முன்பு இம்மருந்தால் மஞ்சள் காமாலை வந்தோர். பின்னவர்க்கு இம்மருந்தைத் தரலாகாது.
- மயசுதீனியா கிராவிசு என்னும் தசைச் சோர்வு நோய் உடையோர். மருந்தால் இந்நோய் கடுமையாகலாம்.
- பிறந்து ஆறு வாரங்களுக்கு உட்பட்ட குழந்தைகள். இரைப்பையின் வெளிவாயில் தடித்துச் சுருங்கும் இடர் இவர்களுக்கு உண்டு. பால் குடித்ததும் குழந்தை விசையுடன் வாந்தி எடுப்பது இதன் அறிகுறி.

மருந்து எதிர்ப்பு

பாக்டீரியாக்கள் மேக்ரோலைடுகளிலிருந்து மூன்று வழிகளில் தப்புகின்றன. முதலாவது, ரைபோசோமில் மருந்து ஒட்டும் இடத்தில் ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்த்துவிடுதல், அல்லது அவ்விடத்தில் உள்ள காரமே மாறிப்போதல். பூட்டு மாறியபின் பழைய திறவுகோல் பொருந்தாததைப் போல மருந்து ஒட்ட இயலாமல் போகிறது. இரண்டாவது, உள்ளே வந்த மருந்தை இறைப்பான் போன்ற புரதங்களால் வெளியேற்றிவிடுதல். மூன்றாவது, மருந்தை நொதிகளால் சிதைத்தல் அல்லது மாற்றியமைத்தல். இவற்றுக்கான மரபணுக்கள் பல, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியவை.

இதன் விளைவுகள் ஏற்கனவே தெரியத் தொடங்கிவிட்டன. வெட்டை நோய்க்குச் செஃப்ட்ரையாக்சோனுடன் அசித்ரோமைசினையும் சேர்த்துத் தரும் முறையை, எதிர்ப்பாற்றல் கூடிவருவதைக் கருதி, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 திசம்பரில் கைவிட்டது.

தெற்காசியாவுக்கு மிக முக்கியமானது டைபாய்டு ஆகும். இந்நோய்க்கு முதலில் குளோராம்ஃபெனிக்கால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகியவை பயன்பட்டன. அவற்றுக்கு எதிர்ப்பு தோன்றியதும் சிப்ரோஃபிளாக்சசின் வந்தது. அதற்கும் எதிர்ப்பு பரவியது. பின்னர் செஃப்ட்ரையாக்சோன் முதன்மை பெற்றது. 2016 இறுதியில் பாக்கித்தானின் சிந்து மாகாணத்தில் உள்ள ஐதராபாத்து நகரில், இந்த ஐந்து மருந்துகளுக்கும் கட்டுப்படாத டைபாய்டு பரவத் தொடங்கியது. அதற்கு எஞ்சிய மருந்துகள் இரண்டே வகை. ஒன்று, ஊசி மூலம் செலுத்த வேண்டிய, விலை மிகுந்த கார்பாபெனம் வகை. மற்றொன்று அசித்ரோமைசின். வாய்வழி உட்கொள்ளக்கூடியது அசித்ரோமைசின் மட்டுமே. அதாவது, நோயாளியை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்த இந்த ஒரு மாத்திரையே எஞ்சியிருந்தது.

2019 இல் வங்காளதேசத்திலிருந்து, அசித்ரோமைசினுக்கும் கட்டுப்படாத டைபாய்டு பாக்டீரியாக்கள் பற்றிய ஆய்வு வெளியானது. மருந்தை வெளியேற்றும் ஒரு புரதத்தில் 717 ஆம் இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. இத்தகைய மாற்றமும், பாக்கித்தானில் பரவிய வகையின் எதிர்ப்பாற்றலும் ஒரே பாக்டீரியாவில் சேருமானால், டைபாய்டுக்கு வாய்வழி மருந்து இல்லாத நிலை உண்டாகும். டைபாய்டு தடுப்பூசியும் தூய குடிநீரும் இவ்வபாயத்தைக் குறைக்கும் நிலையான வழிகள். 2019 இல் பாக்கித்தான், சிந்து மாகாணத்தில் தொடங்கிப் புதிய டைபாய்டு தடுப்பூசியைத் தனது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது.

பெருந்திரள் வழங்கல்

நோய் உள்ளவருக்கு மட்டுமன்றி, ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் இம்மருந்தை வழங்கும் முறையும் உண்டு. டிரகோமா ஒழிப்பு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. கிளமிடியா வகைப் பாக்டீரியாவால் வரும் இந்நோயில் இமையின் உட்புறம் தழும்பேறி, இமைமயிர் உள்நோக்கித் திரும்பிக் கருவிழியை உராய்கிறது. இறுதியில் பார்வை பறிபோகிறது. நோய் மிகுந்த ஊர்களில் ஆண்டுக்கு ஒரு முறை ஒரே வேளை அசித்ரோமைசின் வழங்கப்படுகிறது. இதனுடன் இமை அறுவை மருத்துவம், முகத் தூய்மை, சுற்றுச்சூழல் மேம்பாடு ஆகியவையும் மேற்கொள்ளப்படுகின்றன. 1998 இல் தொடங்கிய பன்னாட்டு டிரகோமா முனைப்பின் வழியாகப் பைசர் நிறுவனம் இம்மருந்தை நன்கொடையாக அளித்து வருகிறது. பொது நலவாழ்வுச் சிக்கல் என்ற நிலையிலிருந்து டிரகோமாவை இந்தியா ஒழித்துவிட்டதை உலக சுகாதார அமைப்பு 2024 அக்டோபரில் உறுதிசெய்தது.

நைசர், மலாவி, தன்சானியா ஆகிய நாடுகளில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இரு முறை அசித்ரோமைசின் வழங்கி நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2018 இல் வெளியாயின. மருந்து வழங்கிய ஊர்களில் குழந்தை இறப்பு ஏறத்தாழ 13.5 விழுக்காடு குறைந்திருந்தது. அதே வேளையில், நைசரில் மருந்து பெற்ற ஊர்க் குழந்தைகளிடம் மேக்ரோலைடு எதிர்ப்பு மரபணுக்கள் பெருகியதும் பின்னர் கண்டறியப்பட்டது. எனவே உலக சுகாதார அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இதனை எங்கும் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்றும், குழந்தை இறப்பு மிக அதிகமாக உள்ள சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும், கண்காணிப்புடன் கருதலாம் என்றும் கூறியது. உயிர் காக்கும் பயனையும் எதிர்ப்பாற்றல் இடரையும் சீர்தூக்கி எடுக்கப்பட்ட முடிவு இது.

பொறுப்பான பயன்பாடு

இந்தியாவில் அசித்ரோமைசின் மருத்துவரின் மருந்துச் சீட்டின்பேரில் மட்டுமே விற்கப்பட வேண்டிய மருந்து ஆகும். நடைமுறையில் சீட்டு இல்லாமலும் இது வாங்கப்படுகிறது. மூன்று அல்லது ஐந்து மாத்திரைகள் கொண்ட சிறு அட்டையாகக் கிடைப்பதும், நாளுக்கு ஒன்று என்பதும், விலை குறைவாக இருப்பதும் இதற்குக் காரணங்கள். பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பது தனிமனிதருக்கும் சமூகத்துக்கும் நன்மை தரும்:

- காய்ச்சலுக்குக் காரணம் பாக்டீரியாவா வைரசா என்பது தெரியுமுன் தாமாக இம்மருந்தைத் தொடங்காதிருத்தல்.
- மருத்துவர் நுண்ணுயிர் எதிர்ப்பி தேவையில்லை என்று கூறினால் அதனை வற்புறுத்திக் கேளாதிருத்தல்.
- மருத்துவர் குறித்த நாட்களுக்குக் குறையாமலும் கூடாமலும் உட்கொள்ளுதல்.
- ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை அதே அறிகுறி உள்ள மற்றொருவருக்குக் கொடாதிருத்தல்.
- அண்மையில் இம்மருந்தை உட்கொண்டிருந்தால் அதனை மருத்துவரிடம் தெரிவித்தல். சில வாரங்களுக்கு முன் உட்கொண்டதும் சோதனை முடிவையும் மருந்துத் தேர்வையும் மாற்றக்கூடும்.

காய்ச்சல் மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தாலும், மூச்சுத் திணறல், மனக்குழப்பம், தொடர் வாந்தி ஆகியவை இருந்தாலும் மருத்துவரை நாட வேண்டும். டைபாய்டு, டெங்கு, உண்ணிக்காய்ச்சல் ஆகிய மூன்றும் தொடக்கத்தில் ஒரே மாதிரியான காய்ச்சலாகவே தோன்றும். இவற்றுள் டெங்குவுக்கு அசித்ரோமைசின் பயன் தராது. டைபாய்டுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் அது பயன்பட்டாலும் தரும் அளவும் நாட்களும் வேறுபடும். சோதனை செய்து நோயை உறுதிசெய்த பின்னரே எம்மருந்து, எத்தனை நாட்கள் என்பதை முடிவு செய்ய இயலும்.